இருநூறு உலகம்மைகள்

ஆடி 2, வெள்ளி

இந்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. "கோவம் வந்தா இதுல எழுது உலகு, எங்க மேல காட்டாத" என்று சொல்லி மதினி வாங்கித் தந்தாள். இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்.

திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் நாற்பத்திரண்டு கல்யாண மண்டபங்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். முன்பதிவுக்கு ஒரே சைட். அந்த சைட்டை ஓட்டுகிற கம்பெனியில் நான் பதினேழு வருடமாக இருக்கிறேன். ஆடியில் யாருக்கும் கல்யாணம் கிடையாது, மண்டபங்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். ஆனால் ஆடிப் பதினெட்டு காலை ஒன்பது மணிக்கு, ஆவணியிலிருந்து தை வரைக்குமான முகூர்த்த நாட்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் திறக்கும். அன்றைக்குத் தொட்டது பெருகும் என்று சங்கத்தார் வைத்த வழக்கம். பெருகுவது என் தலைவலிதான்.

போன வருடம் ஒன்பது நாலுக்கு சைட் படுத்தது. பதினொன்றரைக்குத்தான் எழுந்தது. அதற்குள் ஜனங்கள் மண்டபங்களுக்கே நேரில் போய்ச் சண்டை போட்டுவிட்டார்கள்.

இன்று முதலாளி சிதம்பரநாதன் அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "இந்த வருஷமும் எதாவது கோளாறுன்னா சங்கத்துக்காரங்க மெட்ராஸ் கம்பெனிக்குப் போயிருவாவ. அப்படி ஆச்சுன்னா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்டுக்குப் போயிரணும். யாருன்னு அப்பப் பாப்போம்" என்றார்.

இரண்டு பேர் என்றால் நானும் மீரானும். நான் வந்து பதினேழு வருடம். அவன் வந்து பதினாலு மாதம். யார் வீட்டுக்குப் போவார்கள் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. அவனுக்கும் அது தெரியும். பாவம், டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

ஆடி 4, ஞாயிறு

துணி துவைத்தேன். மாவு அரைத்தேன். எதிலும் மனம் நிற்கவில்லை.

ஆடி 5, திங்கள்

மீட்டிங். சைட் ஏன் படுக்கிறது என்று அண்ணாச்சிக்கு விளக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் மீரான் ஆரம்பித்துவிட்டான்.

"அண்ணாச்சி, வெளிய இருந்து கேக்குததை வாசல்ல நின்னு வாங்குதது வெப் சர்வர். மண்டபத்தைப் பதிவு பண்ணுதது நம்ம புரோகிராம். இது ரெண்டையும் எப்படி இணைக்கோம்ங்கிறதுலதான் பிரச்சனை. இப்ப எப்படி நடக்குன்னா, பந்தியில ஒரு ஆள் வந்து உக்காந்ததும் புதுசா ஒரு சமையக்காரரைக் கூப்புடுதோம். அவரு அடுப்பு மூட்டி, அந்த ஒரு இலைக்கு மட்டும் ஆக்கிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருதாரு. அடுத்த இலைக்கு வேற சமையக்காரரு, வேற அடுப்பு."

"எந்தக் கிறுக்கன் இப்படி ஏற்பாடு பண்ணான்?" என்றார் அண்ணாச்சி.

மீரான் சுவரைப் பார்த்தான். நான் மேஜையைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் ஊர் உலகமே அப்படித்தான் செய்தது என்று நான் விளக்கினேன். சிஜிஐ என்று அதற்கு மரியாதையான பெயரும் உண்டு.

"ரெண்டாவது வழி," என்று மீரான் தொடர்ந்தான், "சமையக்காரரைப் பந்தி நடக்க இடத்துலயே உக்கார வச்சிரலாம். புரோகிராமை சர்வருக்கு உள்ளயே சொருகுதது. வேகமா நடக்கும். ஆனா அடுப்பு வெடிச்சா பந்தியும் சேந்து போயிரும். மூணாவது வழி, ஆக்குப்புரை தனியா பின்னால இருக்கட்டும். நாலு சமையக்காரங்க காலையில இருந்து அங்கேயே நிப்பாங்க. பரிமாறுதவங்க ஓடி ஓடி வாங்கிட்டு வருவாங்க. புரோகிராம் எப்பவும் ஓடிட்டே இருக்கும், சர்வர் கேட்டு வாங்கிக் குடுக்கும்."

"அதான வே நாட்டுல எல்லாக் கல்யாணத்துலயும் நடக்கு! இதுக்கு ஒரு மீட்டிங்கா?" என்று அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

நன்றாகத்தான் சொன்னான். நான் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும், அண்ணாச்சிக்கும் புரிந்திருக்காது. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஆடி 6, செவ்வாய்

நான் பழைய வழியே இருக்கட்டும் என்றேன். சர்வரை மட்டும் பெரிதாக வாங்கிக்கொள்ளலாம். பதினேழு வருடத்தில் ஒரு பெயர் மாறியதில்லை, ஒரு தேதி பிசகியதில்லை. ஓடுகிற வண்டியில் எதற்குக் கை வைக்க வேண்டும்?

"ஓடல அக்கா, போன வருஷம் படுத்துச்சுல்லா" என்றான்.

வாய்க்கு வாய் பேசுகிறான். மரியாதையாகத்தான் பேசுகிறான், அது இன்னும் மோசம். அளந்து பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன்.

ஆடி 8, வியாழன்

ஆடி அமாவாசை. காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டு லேட்டாகப் போனேன். மூன்று வழிகளையும் ஓடவிட்டு அளந்து பார்த்தேன். பழைய வழியில் ஒவ்வொரு ஆளுக்கும் புரோகிராம் எழுந்து நிற்கவே ஒன்றே முக்கால் விநாடி. உள்ளே சொருகும் வழி வேகம்தான், ஆனால் ஒரு சின்னத் தப்பை வேண்டுமென்றே வைத்துப் பார்த்ததில் சர்வரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. மூன்றாவது வழியில் கண் மூடித் திறப்பதற்குள் பதில் வருகிறது, விழுந்தாலும் சர்வர் நிற்கிறது. மூன்று தரம் அளந்தேன். மூன்று தரமும் அதே கதை.

ஆடி 9, வெள்ளி

மூன்றாவது வழி என்று நானே அறிவித்தேன். நான் அறிவித்ததாகத்தான் இருக்க வேண்டும்.

சர்வரும் புரோகிராமும் ஒரே இயந்திரத்துக்குள் இருப்பதால், அவை போர்ட் என்ற தெருவாசல் வழியாகப் பேசலாமா, சாக்கெட் கோப்பு என்ற உள்கதவு வழியாகப் பேசலாமா என்று அடுத்த சண்டை. அரை நாள் போனது. சாக்கெட் வென்றது. அது மீரானுடைய கட்சி.

சாயங்காலம் கிளம்பும்போது அவன் ஒன்று கேட்டான். "அக்கா, இத்தனை நாளும் புரோகிராம் ஒரு ஆளோட வேலை முடிஞ்சதும் செத்துப் போச்சு. அதனால உள்ள எதைப் போட்டுட்டுப் போனாலும் கூடவே அழிஞ்சிரும். இனி சாகாது. ஒருத்தர் விட்டுட்டுப் போனது அடுத்தவர் கண்ணுல படும். பழைய கோப்பு எல்லாத்தையும் ஒருதரம் உக்காந்து படிச்சிரட்டுமா?"

முந்நூறு கோப்புகள். அதில் பாதி, எனக்கு இருபத்தாறு வயதில் எழுதியவை. அந்த வயதில் எழுதியதை இன்னொருவர் வரிக்கு வரி படிப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. "நீ இணைப்பு வேலையைப் பாரு. அதை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.

ஆடி 11, ஞாயிறு

குற்றாலத்தில் நல்ல சீசன் என்று அண்ணன் கார் எடுத்தான். ஐந்தருவியில் கூட்டம். மதினி நனைந்த தலையோடு, "நாப்பத்திரண்டு மண்டபத்தைக் கையில வச்சிருக்கா, தனக்குன்னு ஒண்ணைப் போட்டு வைக்கத் தெரியல பாருங்க" என்று அண்ணனிடம் சொன்னாள். அருவிச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள். மங்குஸ்தான் வாங்கினோம். திரும்பி வரும்போது எல்லோரும் தூங்கிவிட்டார்கள், நான் மட்டும் விழித்திருந்தேன்.

ஆடி 12, திங்கள்

முப்பது கோப்பு பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. நான் எழுதியது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதற்குள் சங்கத்திலிருந்து போன், லோகோவின் மஞ்சள் போதவில்லையாம். மஞ்சளைச் சரிசெய்ய மத்தியானம் வரை ஆனது.

மீரான் கேட்டான். பார்த்துட்டேன் என்றேன்.

இட்லிக்கு உளுந்து வாங்க வேண்டும்.

ஆடி 14, புதன்

இன்று ஒத்திகை. ஒரே நேரத்தில் இருநூறு பேர் வந்து பதிவு செய்வது போல ஓட்டிப் பார்க்க வேண்டும். இணைப்பு மீரான் வேலை, ஒத்திகைக்கான பட்டியல் என் வேலை. இருநூறு பெயருக்கு எங்கே போவது? மணமகள் பெயர் என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் என் பெயரையே போட்டுவிட்டேன். ஒரே பெயர், ஒரே போன் நம்பர், மண்டபமும் தேதியும் மட்டும் வேறு வேறு.

இருநூறு உலகம்மைகளுக்கும் பதினோரு விநாடியில் பதிவு முடிந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. மீரான் திரையைப் பார்த்து, "அக்கா, ஊர்ல ஒரு மண்டபம் பாக்கி இல்ல, எல்லாத்துலயும் உங்க கல்யாணம்தான்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

பிறகு இருநூறையும் அழித்தேன். ஒரே கட்டளையில் அழிந்துவிடும். ஏனோ ஒன்றொன்றாக அழித்தேன்.

ஆடி 17, சனி

நகம் கடித்துக் கடித்து வலிக்கிறது.

ஆடி 18, ஞாயிறு

நின்றது! நின்றது, நின்றது.

ஒன்பது மணிக்குத் திறந்தோம். ஒன்பது நாலு தாண்டும்வரை நான் மூச்சு விடவில்லை. ஒன்பது நாற்பதுக்குள் ஆயிரத்து நானூறு பதிவு. சர்வர் அலட்டிக்கொள்ளவே இல்லை. அண்ணாச்சி அல்வா வாங்கி வந்து எங்கள் கையில் அவரே வைத்தார். "இனி ரெண்டு பேரும் இங்கனயே கெடங்க" என்றார். மீரான் அவன் வாப்பாவுக்குப் போன் போட்டு, "நின்னுட்டு வாப்பா" என்று மட்டும் சொன்னான். அந்தப் பையன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

வீட்டுக்கு வந்து மதினியோடு கலந்த சாதம் சாப்பிட்டேன். தேங்காய் சாதம் அருமை.

ஆடி 20, செவ்வாய்

காலையில் ஒரு போன். மீரான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, நான் அம்பாசமுத்திரத்துல இருந்து இசக்கியம்மா பேசுதேன். தையல் கடை வச்சிருக்கேன். ஆவணி பத்தொம்பதுக்கு எம் மவ கல்யாணத்துக்கு வாகை மஹாலைப் போட்டேன். பதிவு முடிஞ்சதுன்னு செல்லுல காட்டுச்சு, மெசேஜ் மட்டும் வரல. பொறவு வரும்னு இருந்துட்டேன். இன்னைக்கு மண்டபத்துல போய்க் கேட்டா அது வேற ஆளு பேர்ல இருக்குங்காங்க. பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு தம்பி."

ஏதோ அவசரத்தில் தப்பாக அழுத்தியிருப்பாள் என்றேன். மீரான் பதிவுப் பட்டியலைத் திறந்தான்.

ஆடி 21, புதன்

தப்பாக அழுத்தவில்லை.

ஆயிரத்து நானூறில் ஒன்பது பதிவுகள் ஆள் மாறிப் போயிருக்கின்றன. இவர் கேட்ட மண்டபம் அவர் பெயரில். எட்டுப் பேருக்குப் போன் பண்ணிச் சரிசெய்துவிட்டோம். இசக்கியம்மாளுடையது மட்டும் கைவிட்டுப் போய்விட்டது. அவள் கேட்ட வாகை மஹால் ஒரு தென்காசிக்காரர் பெயரில் விழுந்திருக்கிறது. அவர், நான் கேட்காத மண்டபம் எனக்கு எதற்கு என்று ரத்து செய்துவிட்டார். ரத்தானதும் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்த வேலாயுதம் என்பவருக்கு அது தானாகப் போய்விட்டது. அவர் முறையாக வாங்கியவர். அவர் மகள் கல்யாணமும் அதே நாள்தான். அவரை எழுப்பிவிட யாருக்கும் உரிமை இல்லை. அன்றைக்கு வேறு மண்டபம் ஒன்றும் காலியில்லை.

காரணம் மூன்றாவது கோப்பில் ஒரு வரி. இப்போது பேசிக்கொண்டிருக்கும் ஆளின் பெயரை ஒரு பொது இடத்தில் குறித்து வைக்கிறது. மண்டபத்தை எழுதும்போது அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு புரோகிராம் என்று இருந்தவரை அதில் தப்பே இல்லை. இப்போது ஒரே புரோகிராம் பல பேரோடு பேசுகிறது. பெயரைக் குறிப்பதற்கும் மண்டபத்தை எழுதுவதற்கும் இடையில் வேறொருவர் நுழைந்துவிட்டால் அங்கே அவர் பெயர் உட்கார்ந்திருக்கும். ஒத்திகையிலும் இது நடந்துதான் இருக்கும். உலகம்மையின் இடத்தில் உலகம்மை உட்கார்ந்தால் யார் கண்டுபிடிப்பது?

கோப்பின் தலையில் எழுதியவர் பெயரும் வருடமும் இருக்கும். அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

மீரான் எனக்கு ஒரு மணி நேரம் முன்பே அந்தக் கோப்பைத் திறந்திருக்கிறான். திறந்த நேரம் பதிவாகியிருந்தது. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி 22, வியாழன்

அண்ணாச்சி கூப்பிட்டார். சங்கத்துக்காரர்கள் அவரை உலுக்கி எடுத்திருக்கிறார்கள்.

"பதினேழு வருஷமா இப்படி நடந்ததில்லையே. இப்ப மட்டும் எப்படி? யாரு மாத்துனது?"

"நான்தான் மாத்தினேன் அண்ணாச்சி" என்றான் மீரான்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

"இணைப்பை மாத்தினது மீரான்தான்" என்றேன்.

அது உண்மை. அதில் ஒரு சொல் பொய் இல்லை.

"நாளையில இருந்து நீ வர வேண்டாம்" என்று அண்ணாச்சி அவனிடம் சொன்னார். மீரான் என் பக்கம் திரும்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனான். சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டான்.

ஆடி 23, வெள்ளி

அவன் நாற்காலியை யாரோ வரவேற்பறைக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மூன்று தரம் தண்ணீர் குடிக்க எழுந்தேன். டப்பாவைக் கழுவி வைத்தேன்.

ஆடி 24, சனி

இசக்கியம்மாள் நேரிலேயே வந்துவிட்டாள். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் அளவு டேப் தொங்குகிறது, எடுக்க மறந்து வந்திருக்கிறாள்.

"மாப்பிள்ளை மஸ்கட்ல இருக்காரும்மா. புரட்டாசி நாலாம் தேதி பிளைட்டு. புரட்டாசியில கல்யாணம் வைக்க முடியாது, ஆவணியிலயே முடிச்சாகணும். இதை விட்டா அவருக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் லீவு. மாப்பிள்ளை வீட்டுல இப்பவே, மண்டபம்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியலையான்னு ஒரு மாதிரியாப் பேசுதாவ. எனக்கு ஆம்பள துணை இல்லம்மா, எல்லாத்துக்கும் நாந்தான் ஓடணும். நான் சரியாத்தான அழுத்துனேன்? எங்கன தப்புப் பண்ணுனேன்னு மட்டும் சொல்லுங்க."

அவள் தன்மேல் தப்பு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"நீங்க தப்புப் பண்ணல" என்றேன்.

"அந்தத் தம்பி எங்க? போன்ல மரியாதையாப் பேசுச்சு."

"லீவு" என்றேன்.

அவள் போனபிறகு கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும். அந்தக் கோப்பின் தலையில் இருப்பது என் பெயர். வரியை எழுதியது நான். அதுகூடப் பரவாயில்லை. முப்பது கோப்பைப் பார்த்துவிட்டு முந்நூறையும் பார்த்துட்டேன் என்று சொன்னதும் நான். அந்த மூன்றாவது கோப்பு முதல் முப்பதிலேயே இருந்தது. என் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தது.

ஆடி 25, ஞாயிறு

அம்பாசமுத்திரம் போனேன். வேலாயுதத்தின் உரக்கடை ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் திறந்திருக்கிறது. கனத்த மனிதர். நான் சொல்லி முடிக்கும்வரை மூட்டைகளை எண்ணிக்கொண்டே இருந்தார்.

"அப்ப மண்டபத்தை நான் விட்டுக் குடுக்கணும்ங்கீயளா? முடியாது."

"விட வேண்டாம் அண்ணாச்சி. உங்களுக்கு முகூர்த்தம் ஒம்பதுல இருந்து பத்தரை. அவங்களுக்கு ஏழரையில இருந்து ஒம்பது குறிச்சுக் குடுத்திருக்காங்க. மண்டபம் ஒண்ணுதான், நேரம் வேற. அவங்க தாலி கட்டிட்டு மேடையை விட்டு இறங்கிருவாங்க."

"ஒரே மண்டபத்துல ரெண்டு கல்யாணமா? ஜனம் சிரிக்கும். சரி, இதுல தப்பு யாருது? கம்பெனியில யாரோ பையனுதுன்னு சங்கத்துல பேசிக்கிட்டாங்க."

"பையனுது இல்ல. என்னுது" என்றேன்.

முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். கடையில் இன்னும் இரண்டு பேர் யூரியா வாங்க நின்றுகொண்டிருந்தார்கள். அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்தம்மா பொண்ணுக்கும் கல்யாணம், எம் பொண்ணுக்கும் கல்யாணம். ஒண்ணை அழ வச்சுட்டு இன்னொண்ணு எதுக்கு? நடத்தட்டும். ஆனா எங்க வாசக்கோலத்தை மிதிக்கப்பிடாது, எங்க பேனரை மறைக்கப்பிடாது. ரெண்டு கூட்டமும் கலந்துபோய், எம் பந்தியில அவங்க ஆளும் அவங்க மொய் நோட்டுல எங்க ஆளும் ஏறுனா அதுக்கு நான் பொறுப்பில்ல. நீங்க வந்து நின்னு பிரிச்சு விடணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். இசக்கியம்மாளிடம் போய், ஆள் மாறியது என் தவறால் என்று சொல்லிவிட்டு, மண்டபம் கிடைத்த விஷயத்தையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. தையல் மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு, "நேத்தே சொல்லியிருந்தா ஒரு ராத்திரி தூங்கியிருப்பேன்லா" என்றாள்.

திட்டியிருக்கலாம்.

ஆடி 26, திங்கள்

அண்ணாச்சியிடம் எல்லாம் சொன்னேன். வரி, வருடம், முப்பது கோப்பு, பார்த்துட்டேன் என்று சொன்னது, இருநூறு தடவை என் பெயரைப் போட்டது, எல்லாம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ வந்தப்போ இந்த ஆபீஸ்ல ஃபேன்கூட கிடையாது" என்றார். பிறகு, "சங்கத்துல ஒருத்தரை அனுப்பிட்டேன்னு சொல்லிட்டேம்மா. அவனைத் திரும்பக் கூப்பிட்டா இன்னொருத்தர் போகணும். வேற வழி தெரியல. ஆவணி பொறந்ததும் வர வேண்டாம்" என்றார்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை. பயமாக இருக்கிறது. நாற்பத்து மூன்று வயது. எனக்குத் தெரிந்த மொழியில் புரோகிராம் எழுத இந்த ஊரில் ஆள் தேடுகிறவர் யாரும் இல்லை. காலையில் எழுந்து எங்கே போவேன்?

ஆடி 27, செவ்வாய்

மீரான் வந்தான். வண்டி நிறுத்துமிடத்தில் டப்பாவைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

"நன்றி சொல்லுவேன்னு நெனைச்சீயளா அக்கா?"

"இல்ல."

"அந்த வரி தப்பே இல்ல. பழைய ஏற்பாட்டுக்கு அது சரிதான். நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனா நான் கேட்டேன்லா, படிக்கட்டுமான்னு? நீங்க பாத்துட்டேன்னு சொன்னீயளா இல்லையா?"

"சொன்னேன்."

"அதை நம்பி மேல பேசல. அண்ணாச்சி கேட்டப்பவும், நீங்களே சொல்லுவீயன்னுதான் நின்னேன். மூணு நாளு எங்க வாப்பா எம் முகத்தைப் பாக்கல. 'அந்தப் பொம்பளப்புள்ள கல்யாணத்தை நீயா கெடுத்தே'ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாவ. நான் என்ன சொல்ல?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு உள்ளே போனான்.

ஆடி 31, சனி

பாஸ்வேர்டுகளை எழுதிக் கொடுத்தேன். மேஜையில் என் பொருட்கள் ஒரு கட்டைப்பைக்குள் அடங்கிவிட்டன.

ஆவணி 6, வெள்ளி

மதினிக்கு மாவு அரைப்பதில் நான் குறுக்கே நிற்கிறேனாம்.

ஆவணி 19, வியாழன்

முதல் பஸ்ஸுக்குப் போய் ஐந்தரைக்கெல்லாம் வாகை மஹால் வாசலில் நின்றுவிட்டேன். இடது பக்கப் படி இசக்கியம்மாள் வீட்டுக்கு, வலது பக்கப் படி வேலாயுதம் வீட்டுக்கு என்று பிரித்திருந்தார்கள். நடுவில் வேலாயுதம் வீட்டுக் கோலம், அதைச் சுற்றிச் செங்கல். கோலத்துக்குப் பக்கத்தில் நான்.

ஏழே முக்காலுக்குத் தாலி கட்டினார்கள். உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை, கெட்டிமேளம் மட்டும் கேட்டது. அதற்குள் ஒன்பது மணி முகூர்த்தத்துக்கான கூட்டமும் வரத் தொடங்கிவிட்டது. எட்டிலிருந்து ஒன்பது வரை இரண்டு கூட்டமும் ஒரே வாசலில். ஒவ்வொருவரையும் நிறுத்தி, பேர் என்ன, எந்த ஊர், யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டேன். ஒருவரிடம் கேட்டதை வைத்து அவர் பின்னால் வருபவரை அனுப்பவில்லை. ஒரே வேனில் இறங்கியவர்களைக்கூடத் தனித்தனியாகக் கேட்டேன்.

"கல்யாண வீட்டுல வந்தவங்களைப் பேரு கேக்குத வழக்கம் எங்கம்மா இருக்கு?" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். "இன்னைக்கு மட்டும் அண்ணாச்சி" என்றேன். அவர் வலது பக்கம். கூட வந்த அவர் மச்சினன் இடது பக்கம். கேட்காமல் விட்டிருந்தால் ஆள் மாறிப் போயிருக்கும்.

எட்டே காலுக்கு மீரான் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் பரிசுப் பொட்டலம். இசக்கியம்மாள் கூப்பிட்டிருப்பாள். வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற அம்மாவை அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். வா மீரான் என்று சொல்ல வாயெடுத்தேன், அவன் முந்திக்கொண்டான்.

"ஷேக் மீரான். மேலப்பாளையம். இசக்கியம்மா வீட்டுக் கல்யாணம்."

முன்பின் தெரியாதவரிடம் சொல்கிற குரல். முகத்தில் கோபம்கூட இல்லை.

"இடது பக்கம்" என்றேன்.

செங்கல்லைச் சுற்றி, கோலத்தை மிதிக்காமல் போனான். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்தவரிடம் பெயர் கேட்டேன்.